கயிற்றின் இந்த முனை

மார்ச் 4

துறைமுக மேலாளர் வீட்டுத் திரைச்சீலைகளை ஒருவழியாகத் தைத்து முடித்தேன். நான்கு ஜன்னல்கள், நான்கும் நான்கு அளவு. கட்டினவன் எதைப் பார்த்துக்கொண்டு கட்டினானோ. மேலாளர் மனைவி துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "மலைக்காரி கை மலைக்காரி கைதான்" என்றாள். பாராட்டுதான். இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அதில் ஆறு வருஷம் புருஷன் போன பிறகு. இன்னும் மலைக்காரிதான். செத்துப் புதைத்தாலும் மேலே அப்படித்தான் எழுதி வைப்பார்கள் போலிருக்கிறது.

கடற்கரைப் பக்கம் ஒரே கூட்டம். போன புயலில் துறைமுக வாயிலில் மூழ்கிக் கிடக்கிற பெரிய படகை அகற்ற வெளியிலிருந்து ஆள் வந்திருக்கிறதாம். வண்டியில் ஒரு செம்புத் தலை, முகத்துக்கு நேரே கண்ணாடி. கொழுந்தன் மனைவி மூச்சிரைக்க ஓடி வந்து, "அக்கா, அந்தத் தலைய மாட்டிக்கிட்டு கடலுக்கு அடியில நடப்பானாம்" என்றாள். "நடந்துட்டுப் போகட்டுமே, உனக்கு எங்க வலிக்குது?" என்றேன். எனக்கு நூல்கண்டு தீர்ந்துபோன கவலை.

மார்ச் 9

அந்த ஆளுக்கு ஊரில் யாரும் அறை தரவில்லை. மூழ்கிய படகோடு போன ஏழு பேரும் உள்ளேயேதான் இருக்கிறார்கள். அவர்களைத் தொட்டு எடுக்கப்போகிறவன் எப்படி நம் கூரைக்குக் கீழ் படுப்பான் என்று கேட்கிறார்கள். சாமி வேறு, பாஷை வேறு, இதில் இது வேறு. வந்து ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் பெயர் வைத்தாகிவிட்டது: பிணந்தூக்கி. பெயர் வைப்பதில் இந்த ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மேலாளர் உப்புக் கிடங்கு மாடியில் கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறாராம். பகல் முழுக்க அடுப்பாய்க் கொதிக்கும் இடம்.

மார்ச் 12

இன்று அந்த ஆள் என் வீட்டுக்கே வந்தார். வாசலிலேயே நின்றார். படியில் என் ஆடு படுத்திருந்தது. அதைப் பார்த்து, "கொஞ்சம் வழி விடறீங்களா?" என்றார். ஆட்டுக்கு 'நீங்க'! நம் பாஷையை ஏதோ புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொண்டாராம். அதில் மரியாதைப் பேச்சு மட்டும்தான் இருந்ததாம். சிரிப்பை அடக்க ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

ஏழு பை வேண்டும் என்றார். கெட்டிப் பாய்மரத் துணியில், ஆள் நீளத்துக்கு, தண்ணீர் வடிய அடியில் துளையோடு. மடிப்பெல்லாம் உள்பக்கம் போக வேண்டுமாம்.

"மேலாளர் சாக்கு தர்றேன்னாராமே?"

"சாக்குல உருளைக்கிழங்கு போடலாங்க. இவங்க மனுஷங்க."

எத்தனை நீளம் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஏழு பேருக்கும் சட்டை தைத்தவள் நான். பெரிய படகுக்காரர் மகனுக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம். சமையல்காரருக்கு வயிறு. உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தபோது கை தானாக அந்தந்த அளவுக்குப் போயிற்று. இரண்டாவது பையிலேயே அழுதுவிட்டேன். புயலன்று கூட நான் இப்படி அழவில்லை.

இனி இந்த நோட்டில் அவருக்குச் செம்புத் தலையர் என்று பெயர். நானும் இந்த ஊர்க்காரிதானே, பெயர் வைக்காமல் இருப்பேனா?

மார்ச் 20

முதல் ஆளை எடுத்துவிட்டார். சமையல்காரர். படகுத்துறை மேடையில் ஊரே நின்றது. பையைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்திப் படகிலிருந்து மேடைப் படியேறி வந்தார், தூங்குகிற குழந்தையை எடுத்து வருகிற மாதிரி. சமையல்காரர் மனைவி பையை வாங்கிக்கொண்டாள். கொண்டுவந்தவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. தண்ணீர்க் குடத்துப் பக்கம் அவர் திரும்பியதும் ஒருத்தி குடத்தை நகர்த்தி வைத்தாள்.

நான் வீட்டிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, குவளையைத் துடைத்து, "ரொம்ப நன்றிங்க" என்றார். பின்னால் முணுமுணுப்பு. முணுமுணுக்கட்டும்.

மார்ச் 27

மூன்று நாளாக வேலை நின்று கிடக்கிறது. அவரோடு வந்த வயதான கூட்டாளிதான் கயிறு பிடிக்கிறவர். அவருக்குக் காய்ச்சல் முற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கடலடிக்குக் குழாய் வழியாகக் காற்று அனுப்பும் பம்பைச் சுற்றத் துறைமுக அலுவலகத்து ஆட்கள் இரண்டு பேர் உண்டு, சம்பளத்துக்குச் சுற்றுகிறார்கள். கயிறுதான் சிக்கல். கீழே இருக்கிறவர் இடுப்பில் ஒரு முனை, மேலே இருக்கிறவர் கையில் ஒரு முனை. பிணத்தைத் தொடுகிறவனோடு கயிற்றால் கட்டுப்பட்டால் அவன் பாவம் கயிறு வழியாக ஏறி வருமாம். நல்ல கயிறு.

மேலாளர் மேடையில் நின்று மூன்று தரம் கேட்டார், கூலி இரண்டு மடங்கு என்றார். ஆண்கள் எல்லாரும் தங்கள் கால் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு எங்கிருந்து வந்ததோ, "நான் பிடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

மேலாளர் பேய் முழி முழித்தார். செம்புத் தலையர் மட்டும் என் கைகளைப் பார்த்தார். "தைக்கறவங்க கை. போதுங்க" என்றார்.

மார்ச் 28

ஒரு இழுப்பு: நலம். இரண்டு: கயிறு விடு. மூன்று: மேலே தூக்கு. அவ்வளவுதான் பாஷை. மேலிருந்து நான் ஒன்று இழுத்தால் 'நலமா?' என்று அர்த்தம், அவர் ஒன்று இழுத்தால் 'நலம்'. புருஷன் பெண்டாட்டி பலபேருக்கு நடுவில் இந்த அளவுக்குக்கூடப் பேச்சு இருக்காது.

ஏணியில் இறங்கும்போது முகக் கண்ணாடியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு தலை போயிற்று. குமிழிகள் மட்டும். கயிற்றை விரல்களுக்கு நடுவே விட்டுக்கொண்டே இருந்தேன். துணி தைக்கும்போது நூல் எந்த இடத்தில் இறுகுகிறது என்று கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரியும், இறுகினால் கை தானாக நின்றுவிடும். அதே மாதிரிதான் இதுவும். அவர் நின்றால் தெரிந்தது. குனிந்தால் தெரிந்தது. இத்தனை தண்ணீருக்கு அடியில் ஒரு ஆள் நிதானமாக அடியெடுத்து வைப்பது என் உள்ளங்கையில் தெரிந்தது. ஒருவரை இவ்வளவு நெருக்கமாக நான் அறிந்ததில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 3

வாசலில் யாரோ மீன் குடலைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆட்டுக்கு அந்த வாடை ஆகாது. ஒரே ஆர்ப்பாட்டம்.

ஏப்ரல் 6

கொழுந்தன் வந்து திண்டாடினார். இந்த ஊரில் என்னிடம் முகம் பார்த்துப் பேசுகிற ஒரே ஆண்பிள்ளை. அண்ணன் போன பிறகும் வாரம் ஒரு மீன் கொண்டுவந்து போடத் தவறியதில்லை. தூண்டில் போடுவதில் இந்தக் கரையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"அண்ணி, பொம்பளை ஏறின கடல்ல மீன் வராதுன்னு பேசிக்கறாங்க. ரெண்டு நாளா எனக்கே சரியா மாட்டலை."

"நான் மீன் பிடிக்கவா போறேன் தம்பி? ஒரு மனுஷனைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவருக்கும் உறைத்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார், பாவம்.

ஏப்ரல் 14

முங்கும் உடுப்பில் முழங்கை கிழிந்துவிட்டது. ஒட்டுப் போட்டுக்கொடுத்தேன். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் விரியத் திறந்து வைத்துத்தான். பார்க்கிறவர்கள் நன்றாகப் பார்க்கட்டும், கழுத்து வலிக்க வேண்டாம்.

நீச்சல் எப்போது கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். தெரியாதாம்! சத்தியமாகத் தெரியாதாம். "நீச்சல் மேல இருக்கறவங்களுக்குத்தாங்க. நான் நடக்கறவன்." நான் சிரித்த சிரிப்பில் ஊசி கீழே விழுந்துவிட்டது. இரண்டு பேரும் தரையில் தவழ்ந்து தேடினோம். படகு உடைசலுக்குள் தனியாகப் போகிற மனிதர், என் வீட்டுப் பல்லியைக் கண்டதும் நாற்காலி மேல் ஏறிவிட்டார்.

கீழே அவர்களைப் பார்த்ததும் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டேன். "கதவு தட்டாம வந்ததுக்கு மன்னிப்புக் கேப்பேங்க. அப்புறம்தான் தொடுவேன்." இதைக் கேட்கிறதுக்கு இந்த ஊரில் வேறு காது இல்லையே என்று ஆத்திரமாக வந்தது. என் வாழ்க்கையில் இவரைப் போல ஒருவரை நான் கண்டதில்லை. இதை எழுதிவிட்டேன், அழிக்கப்போவதில்லை.

ஏப்ரல் 22

நான்காவது ஆள். பதமாக எடுத்து வந்தார். நன்றி சொன்னவர்கள் இன்றும் யாரும் இல்லை.

ஏப்ரல் 25

கயிற்றில் இன்று புதிதாக ஒன்று வந்தது. இழுப்பு இல்லை. சின்ன நடுக்கம், விரல் நுனியால் சுண்டின மாதிரி. பயந்துபோய் 'நலமா' என்று இழுத்தேன், 'நலம்' என்று வந்தது. மேலே வந்ததும் கேட்டேன், அது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று.

"கணக்குல இல்லைங்க. சும்மாதான்."

"சும்மான்னா?"

"அந்த முனையில நீங்க இருக்கீங்களேன்னு."

பம்பு சுற்றுகிறவர்கள் இரண்டு பேரும் வேறு எங்கோ பார்த்தார்கள். எனக்கு முப்பத்தாறு வயது. முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

ஏப்ரல் 29

தினமும் வருகிறது. சும்மா.

மே 11

பெரிய படகுக்காரர் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து என் வாசலில் நின்றார். மூழ்கியது அவர் படகு, அவர் மகன் இன்னும் கிடைக்கவில்லை. அந்த வேதனை முகத்தில் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

"உன் புருஷன் நல்லவன். அவன் பேரைக் கெடுக்கறே. அந்தப் பிணந்தூக்கிக்கும் உனக்கும் நடக்கறது ஊருக்கே தெரியும். இப்படியே போனா உன்னை ஒதுக்கி வைக்க வேண்டி வரும்."

"சேர்த்துக்கிட்டிருந்தாத்தானே ஒதுக்கி வைக்க?" என்றேன்.

கூட வந்தவர்களில் ஒருவர் என் ஆட்டை உதைத்துவிட்டுப் போனார். ஒரு வாரமாக ஒரு துணி கூடத் தைக்க வராத காரணம் இப்போது புரிந்தது.

மே 19

ஆறு பேர் வந்துவிட்டார்கள். படகின் உடல் முழுவதும் வெட்டி எடுத்தாயிற்று, பாய்மரத்தின் அடித்துண்டும் அதைச் சுற்றிக் கொஞ்சம் உடைசலும் ஓரமாகக் கிடக்கின்றன. இன்று வாயிலுக்குள் கப்பல் ஒன்று தாராளமாக நுழைந்தது. கரையில் விசிலும் கைதட்டலும். மேலாளருக்குக் கைகொடுக்கிறார்கள், பெரிய படகுக்காரருக்குக் கைகொடுக்கிறார்கள். வாயிலைத் திறந்த மனிதர் உப்புக் கிடங்குப் படியில் உட்கார்ந்து காலுறை காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், எல்லார் கண்ணும் பார்க்கத்தான்.

அடுத்த மாதம் ஏழாம் தேதிக் கப்பலில் வேறு துறைமுகத்துக்குப் போகிறாராம். அங்கே இரண்டு வருஷ வேலை இருக்கிறதாம். "கயிறு பிடிக்க ஆள் வேணும்" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "கயிறு மட்டும் இல்லைங்க. கல்யாணம் பண்ணிக்கறீங்களான்னு கேக்கறேன். சரியாக் கேக்கறேனான்னு தெரியலை, புத்தகத்துல இந்தப் பாடம் இல்லை."

சரியாகத்தான் கேட்டீர்கள் என்றேன். ஆட்டையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டேன். "அவங்க சம்மதிச்சா" என்றார்.

மே 20

சந்தோஷத்தில் அவர் சட்டையின் ஒரு கைக்கு இரண்டு தரம் பொத்தான் வைத்துத் தைத்துவிட்டேன்.

மே 30

பெரிய படகுக்காரர் மனைவி என் வீட்டுக்குள் வந்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. மேசை மேல் ஏழாவது பை மடித்தபடி இருந்தது. அதை எடுத்து, இடது தோள் பக்கம் நான் இறக்கி வெட்டியிருந்ததைத் தடவிப் பார்த்தாள். உடைந்துவிட்டாள்.

"அவனுக்கு இந்தத் தோள் இறக்கம்னு எனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அவர்கிட்ட சொல்லும்மா. இன்னும் ஒரே ஒரு தடவை தேடச் சொல்லும்மா."

வேலை முடிந்துவிட்டது, கூலி கொடுத்தாயிற்று, கப்பலுக்கு இடம் சொல்லியாயிற்று. அவருக்குத் தேட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நான் போய்ச் சொல்லி முடிப்பதற்குள், "நானே கேக்கலாம்னு இருந்தேங்க. ஏழு பேர்ல ஆறு பேர் வந்தா அது முடிஞ்ச வேலை இல்லை" என்றார். அப்போது அவர் மேல் எனக்கு வந்த மதிப்பை எந்த வார்த்தையில் எழுதுவது?

ஜூன் 1

படகுக்காரர் ஒரு நிபந்தனை போடுகிறார். தன் மகன் வரப்போகிற படகில் மலைக்காரி கால் படக் கூடாது. கயிறு ஊர்க்காரன் கையில் இருக்க வேண்டும்.

கத்தினேன். நாளைக்கே கிளம்பலாம் என்றேன். அவனவன் பிள்ளையை அவனவனே தேடிக்கட்டும் என்று கூடச் சொன்னேன். செம்புத் தலையர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அந்த அம்மா கேட்டாங்களே" என்றார். அதற்கு மேல் என்ன பேச?

கொழுந்தன்தான் முன்வந்தார். ஊர் என்ன சொன்னாலும் சரி, நான் பிடிக்கிறேன் என்றாராம். மனசுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. வேறு யார் கை என்றாலும் தூங்கியிருக்க மாட்டேன்.

ஜூன் 2

கொழுந்தனுக்குப் பாடம். கயிற்றை ஜன்னல் வழியாக விட்டு ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன், கொல்லையிலிருந்து நான் இழுத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. ஒரு தப்பும் இல்லை. கடைசியில் ஆடு கயிற்றைக் கடித்து இழுத்தது. "அண்ணி, இது எத்தனையாவது கணக்கு?" என்று உள்ளேயிருந்து குரல். கொழுந்தன் மனைவி கூட வந்து சிரித்துவிட்டுப் போனாள்.

"பயப்படாதீங்க அண்ணி. என் கையைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன். எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்தச் சின்ன நடுக்கம். அது கணக்கிலேயே இல்லையே. அதை நான் எப்படிச் சொல்லித் தருவேன்? அது எனக்கு வருவது.

ஜூன் 4

எழுத வேண்டும். எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

அலைதடுப்புக் கல்சுவரின் கடைசியில் போய் நின்றேன். படகு எதிரேதான். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான், காற்று மட்டும் எதிர்க்காற்று. இறங்கும்போது கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினார், என் பக்கம் திரும்பி. கொழுந்தன் கயிற்றை அழகாகப் பிடித்திருந்தார். ஒன்று இழுப்பதும் ஒன்று வாங்குவதும் — எனக்குப் பார்க்கவே தெரிந்தது. கீழே போனவர் சாமான் தூக்குகிற கயிற்றையும் இழுத்து வாங்கிக்கொண்டார். அப்படியென்றால் பையனைக் கண்டுபிடித்துவிட்டார். பெருமையாக இருந்தது எனக்கு. அங்கே நின்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன் —

கயிறு வெடுக்கென்று போனது. ஒன்று இல்லை, மூன்று இல்லை, கணக்கே இல்லை. தாறுமாறான இழுப்பு. என் கை அந்தக் கல்சுவர் மேலேயே பின்னால் போயிற்று, வெறுங்கை. கொழுந்தன் கை முன்னால் போச்சு. முன்னால! கயித்தை விடறார். கை மாத்தி மாத்தி விடறார். பெரிய மீன் அடிச்சா எப்படி ஓட விடுவாரோ அப்படி விடறார். இழு தம்பி, இழுன்னு கத்தறேன். எவ்வளவு கத்தினேன். காத்து எல்லாத்தையும் என் மூஞ்சிக்கே திருப்பி அடிக்குது. அவருக்கு உறைச்சு நிமிர்ந்து இழுக்கறதுக்குள்ள கயிறு தளர்ந்து எதையோ சுத்திக்கிடுச்சு. அப்புறம் நாலு பேர் சேர்ந்து இழுத்தும் வரலை. பம்பு சுத்தறாங்க, சுத்தறாங்க, குமிழி இல்லை.

கடவுளே, குமிழி இல்லை.

சாமான் கயிற்றை இழுத்தார்கள். பையன் வந்தான். என் பையில், கழுத்து வரைக்கும் பாந்தமாகக் கட்டி, முடிச்சு இறுக்கி. வேலையை முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

ஜூன் 5

ஊர் முழுக்கப் படகுக்காரர் வீட்டில். இங்கே ஆடும் நானும்.

ஜூன் 6

விடிந்ததிலிருந்து கொழுந்தன் அந்த இடத்தில் முங்கிக்கொண்டே இருந்தாராம். உடுப்பு இல்லை, செம்புத் தலை இல்லை, வெறும் மூச்சைப் பிடித்துக்கொண்டு. வேண்டாம், தொட்டால் உன்னையும் சேர்க்க மாட்டோம் என்று கரையிலிருந்து கத்தியிருக்கிறார்கள். மூக்கில் ரத்தம் வர வர முங்கியிருக்கிறார். சரிந்த உடைசலில் காற்றுக் குழாய் நசுங்கிக் கிடந்ததாம். மத்தியானம் அவரை எடுத்துவிட்டார். அந்தக் கனத்த உடுப்போடும் செம்புத் தலையோடும் படகுக்கு இழுத்து, மேடைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து தோளில் தூக்கிக்கொண்டு தெரு வழியாக நடந்து என் வாசலுக்கு வந்தார். தெருவில் கதவுகள் சாத்தப்படுகிற சத்தம் அவருக்கு முன்னால் வந்தது.

தலையைக் கழற்றினேன். முகம் சாந்தமாகத்தான் இருந்தது. என் எட்டாவது பையைத் தைத்தேன். அளவு எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 7

இடுகாட்டுச் சுவருக்குள் இடமில்லை என்றார்கள். அந்தச் சுவருக்குள் இருக்கும் ஏழு பேரை யார் கொண்டுவந்து சேர்த்தது? கேட்டேன். சத்தம் போட்டே கேட்டேன். இடுகாட்டுக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள்.

சுவருக்கு வெளியே, கடலைப் பார்த்த மணலில், கொழுந்தனும் நானும் குழி வெட்டினோம். கொழுந்தன் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். தூரத்தில் வைத்துவிட்டுப் போவாள் என்று நினைத்தேன். அவளும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள். மூடுகிற நேரத்தில் பெரிய படகுக்காரர் மனைவி தனியாக வந்தாள். புருஷனுக்குத் தெரியாமல் வரவில்லை, சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்றாள். ஒரு கைப்பிடி மண் போட்டாள்.

கப்பல் சரியான நேரத்துக்கு வாயிலைத் தாண்டிப் போனது. இரண்டு இடம் காலியாக.

ஜூன் 23

கொழுந்தன் வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். இத்தனை நாள் வாயைத் திறக்காதவர் இன்றைக்குத் திறந்தார்.

"எனக்கு எல்லாக் கணக்கும் தெரியும் அண்ணி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். கை தானா விட்டுடுச்சு. முப்பது வருஷமா அப்படியே பழகின கை. கயிறு வெடுக்குனு போனா விட்டுப் பிடிக்கணும்னுதான் அதுக்குத் தெரியும்."

உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"அதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒண்ணு வந்துச்சு. இழுப்பு இல்லை. சின்னதா ஒரு சுண்டல். நீங்க சொல்லித் தரலையே, என்னன்னு புரியலை. மீன் வந்து இரையை மோந்து பாக்கற மாதிரியே இருந்துச்சு. அப்பவே என் கை மீனுக்குப் போயிடுச்சு அண்ணி."

அந்த முனையில் நான் இல்லை என்று செம்புத் தலையருக்குத் தெரியும். தெரிந்தும் பழக்கத்தில் அனுப்பியிருக்கிறார். இல்லை — கொழுந்தன் கைவழியாக எனக்குத்தான் அனுப்பினாரா?

"அது என்ன கணக்கு அண்ணி?"

"சும்மாதான்" என்றேன். பிறகு அழுதேன். அவரும் அழுதார். கொழுந்தனை வெறுக்க முடியுமா என்று இத்தனை நாளும் முயன்று பார்த்திருக்கிறேன். முடியவில்லை. மூக்கில் ரத்தத்தோடு அவரைத் தூக்கி வந்த அந்தத் தோள்தான் கண் முன்னால் வந்து நிற்கிறது.

ஜூலை 16

கொழுந்தன் பிடித்த மீனை யாரும் வாங்குவதில்லை. அவருக்கும் பெயர் வைத்தாகிவிட்டது. அதே பெயர். தூண்டிலை அவரே உடைத்து அடுப்பில் போட்டுவிட்டார் என்று அவர் மனைவி சொன்னாள்.

ஆகஸ்ட் 8

வாரம் ஒரு மீன் தந்த வீட்டுக்கு இப்போது நான் தருவது வாரம் ஒரு ரொட்டி. ஆட்டுப்பால் வேறு.

செப்டம்பர் 26

பாய்மர அடித்துண்டை எடுக்கப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். செம்புத் தலையரோடு முன்பு வேலை செய்தவராம். மேலாளர் கயிறு பிடிக்க ஆள் பார்க்கிறேன் என்றதும், "அவர் எழுதியிருந்தாரே, தைக்கற அம்மா, அவங்க இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா பிடிக்காவிட்டால் ஏணியில் கால் வைக்கமாட்டேன் என்றாராம்.

மேலாளர் என் வாசலுக்கு வந்து கேட்டார். இந்தத் தடவை நிபந்தனை போட யாரும் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? பயம்தான். என் கைக்கு அந்தச் சின்ன நடுக்கத்தைத் தவிர வேறு எதுவும் ஞாபகம் இல்லையோ என்று பயம்.

செப்டம்பர் 30

பம்பு சுற்றும் இரண்டு பேரில் ஒருவர் போன வாரம் நின்றுவிட்டார். அந்த வேலையைக் கொழுந்தன் கேட்டு வாங்கிக்கொண்டாராம். காலையில் நான் மேடைக்குப் போனபோது படகில் இருந்தார். படகு ஆடாமல் ஓரத்தை மேடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "ஏறுங்க அண்ணி" என்றார், எல்லார் காதிலும் விழ.

ஏறினேன். புதியவர் இறங்கினார். கண்ணாடியில் தட்டவில்லை. அது அவர் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். கயிறு போய்க்கொண்டே இருந்தது, பிறகு நின்றது. தரையைத் தொட்டுவிட்டார். நடக்கிறார். கொஞ்சம் அவசர நடை.

இது முடிந்ததும் அடுத்த துறைமுகத்துக்குப் போகிறார்கள். நானும் போகிறேன், சொல்லிவிட்டேன். கொழுந்தனும் மனைவியும் கூட வருகிறார்கள். தையல் மெஷினைத் துணியில் சுற்றிக் கட்டி வைத்தாயிற்று. போவதற்குள் மணல் மேட்டைச் சுற்றிக் கல் அடுக்கிவிட வேண்டும்.

கயிற்றில் ஒன்று இழுத்தேன். கொழுந்தன் பம்பைச் சுற்றிக்கொண்டே என் விரல்களைப் பார்த்தார். கீழிருந்து கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது, ஒரே ஒரு இழுப்பு.

"நல்லா இருக்காராமா அண்ணி?"

"நல்லா இருக்காராம் தம்பி. சுத்துங்க."